புயல் இல்லாத மாதங்களின் வேலை: தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எதை ஒருங்கிணைக்கிறது?

"டெல்லியில் பிரதமரையே தலைவராகக் கொண்ட தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இருக்கிறது. ஆனால் புயல் வந்தால் ஊரில் அல்லாடுவது கலெக்டரும் தாசில்தாரும் விஏஓவும்தான். அப்படியென்றால் அந்த ஆணையம் எதைத்தான் ஒருங்கிணைக்கிறது?" இதுதான் கேள்வி.

நியாயமான கேள்வி. டெல்டாப் பக்கத்துக் கடலோர வட்டம் ஒன்றில் வருவாய்த் துறையில் பல வருடம் இருந்தவன் நான். பணியில் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் கேட்டேன். எனக்குப் புரிந்த அளவில், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆரஞ்சு நிறச் சீருடையில் ரப்பர் படகோடு வந்து இறங்குகிறார்களே, அவர்கள்தான் ஆணையம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தேசியப் பேரிடர் மீட்புப் படை. எல்லைப் பாதுகாப்புப் படை, சிஆர்பிஎஃப், சிஐஎஸ்எஃப் போன்ற படைகளிலிருந்து ஆள் எடுத்து உருவாக்கியது. 2006-ல் 8 பட்டாலியன்களோடு தொடங்கி இன்று 16 பட்டாலியன்களாக இருக்கிறது. நமக்குப் பக்கம் அரக்கோணத்தில் உள்ள 4-வது பட்டாலியன். சட்டப்படி இந்தப் படையின் பொது மேற்பார்வை ஆணையத்திடம் இருக்கிறது. களத்தில் கட்டளையிடுபவர் படையின் தலைமை இயக்குநர்.

ஆணையம் என்பது தலைவர், அதிகபட்சம் ஒன்பது உறுப்பினர்கள், ஒரு செயலகம் என்று சின்ன அமைப்புதான். அதனிடம் படகு கிடையாது, ஜேசிபி கிடையாது, முகாமில் சோறு வடிக்க அண்டா கிடையாது. அதெல்லாம் வேறு வேறு துறைகளிடம், வேறு வேறு அரசுகளிடம் இருக்கிறது. இவர்களில் பலர் ஒருவருக்கொருவர் மேலதிகாரி இல்லை. மின்வாரியப் பொறியாளருக்குத் தாசில்தார் முதலாளி இல்லை. கடலோரக் காவல் படைக்குக் கலெக்டர் முதலாளி இல்லை. இத்தனை பேரும் ஒரு ராத்திரி மட்டும் ஒரே ஆளைப் போல நடந்துகொள்ள வேண்டும். அதற்கான ஏற்பாட்டைப் புயல் இல்லாத மாதங்களில் செய்து வைப்பதுதான் ஆணையத்தின் வேலை. அந்த வேலை நன்றாக நடந்திருந்தால், புயல் நாளில் ஆணையம் நம் கண்ணில் படவே படாது.

இந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்று கேட்டால் 2004 டிசம்பர் 26 காலைக்குப் போக வேண்டும். சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தபோது நம் கடிகாரத்தில் மணி காலை 6.28. அலை தமிழகக் கரையை அடித்தபோது மணி எட்டரையைத் தாண்டிவிட்டது. இடையில் இரண்டு மணி நேரம் முழுசாக இருந்தது. கார் நிக்கோபாரில் இருந்த விமானப் படைத் தளம் அதற்கு முன்பே அலையில் சிக்கிவிட்டது. ஆக, செய்தி எங்கேயோ இருந்தது. அதைக் கடற்கரைக் குப்பங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னாருடைய வேலை என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் போய்விட்டார்கள். அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேல். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

அதற்கு முன் 1999-ல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர், 2001 ஜனவரி 26-ல் குஜராத்தின் புஜ் நிலநடுக்கத்தில் 13,000-க்கும் அதிகமானவர்கள் இறந்திருந்தார்கள். ஒடிசாவும் குஜராத்தும் அப்போதே தங்களுக்கென மாநில அமைப்புகளை உருவாக்கிக்கொண்டன. மத்தியில் இந்தப் பொறுப்பு 2002 வரைக்கும் வேளாண் அமைச்சகத்திடம் இருந்தது. பேரிடர் என்றால் வறட்சி, நிவாரணம் என்றால் தானியம் என்ற பழைய கணக்கு. பிறகுதான் உள்துறைக்கு மாறியது. சுனாமி வந்து ஒரு வருடம் கழித்து, 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது.

இந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் மூன்றிலும் "பேரிடர் மேலாண்மை" என்று ஒரு தலைப்பே கிடையாது. பொதுப் பட்டியலில் 23-வதாக இருக்கும் சமூகப் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ்தான் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நடைமுறையிலோ மீட்பும் நிவாரணமும் முதலில் மாநிலத்தின் பொறுப்பு. மத்திய அரசு துணைக்கு நிற்கும். ஆகவே ஆணையம் ஒரு மாநிலத்தைப் பார்த்து "இதைச் செய்" என்று தினமும் ஆணையிடும் இடத்தில் இல்லை. வழிகாட்டுதல் எழுதலாம், பயிற்சி கொடுக்கலாம், தொழில்நுட்பம் தரலாம், திட்டத்துக்கு நிதி ஏற்பாடு செய்யலாம், ஒத்திகை நடத்தி ஓட்டைகளைக் காட்டலாம். அதற்கு மேல் மாநிலம் மனது வைக்க வேண்டும்.

அதே சட்டத்துக்குள் இன்னொரு முகமும் இருக்கிறது. 2020 மார்ச் 24 அன்று நாடு முழுக்க ஊரடங்கு அறிவித்தார்களே, அது இந்தச் சட்டத்தின் கீழ்தான். நாடு முழுவதும் ஒரே மாதிரி நடவடிக்கை வேண்டும் என்று 6-வது பிரிவின்படி ஆணையம் உத்தரவு போட்டது. அதை வைத்து 10-வது பிரிவின்படி உள்துறைச் செயலாளர் விவரமான கட்டளைகளைப் பிறப்பித்தார். வேண்டும்போது எவ்வளவு தூரம் போகக்கூடிய சட்டம் என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

அமைப்பு மூன்று அடுக்கு. மேலே பிரதமர் தலைமையில் தேசிய ஆணையம், நடுவில் முதலமைச்சர் தலைமையில் மாநில ஆணையம், கீழே கலெக்டர் தலைமையில் மாவட்ட ஆணையம். மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சித் தலைவர் இணைத் தலைவராக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தேசிய அளவில் உள்துறைச் செயலாளர் தலைமையில் ஒரு செயற்குழு தனியாக உண்டு. கொள்கை ஆணையத்துக்கு, அதை நடத்திக் காட்டுவது செயற்குழுவுக்கு என்பது கணக்கு. இது போக, நெருக்கடி நேரத்தில் மத்திய அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் தேசிய நெருக்கடி மேலாண்மைக் குழு கூடும். புயல் வருவதற்கு முந்தைய நாள் செய்தியில் "தலைமைச் செயலாளர்களுடன் காணொலியில் ஆலோசனை" என்று வருமே, அது இந்தக் குழுதான். டெல்லியில் ஒரே வேலையின் மேல் மூன்று நாற்காலிகள் இருப்பது எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. யார் கடைசி வார்த்தை சொல்வது என்பதில் தயக்கம் வந்தால், அந்தத் தயக்கம் மாவட்டம் வரை இறங்கும்.

சரி, ஆணையம் எழுதித் தரும் காகிதங்களுக்கு என்ன மதிப்பு? 2009-ல் தேசியக் கொள்கை வந்தது. 2016-ல் முதல் தேசியத் திட்டம், 2019-ல் அதன் திருத்தம். அந்தத் திட்டத்தின் உயிர், எந்த ஆபத்துக்கு யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி எழுதியிருப்பதில் இருக்கிறது. புயலைப் பற்றிச் சொல்ல வேண்டியது வானிலை ஆய்வு மையம். சுனாமி என்றால் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம். ஆற்று வெள்ளத்துக்கு மத்திய நீர் ஆணையம், நிலச்சரிவுக்கு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம். வறட்சிக்கு வேளாண் அமைச்சகம், கொள்ளை நோய்க்குச் சுகாதார அமைச்சகம், அணு விபத்துக்கு அணுசக்தித் துறை. 2004-ல் காகிதத்தில் இல்லாமல் போனது இதுதான். 2007 அக்டோபரில் இன்காய்ஸில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ரா பக்கம் 8.6 ரிக்டர் அளவில் பூமி அதிர்ந்தபோது, சில நிமிடங்களில் அறிக்கை வந்துவிட்டது. கடற்கரைகளிலிருந்து மக்களை வெளியேற்றினார்கள். நல்லவேளை, அன்று பெரிய அலை வரவில்லை. எட்டு வருடத்தில் நடந்த மாற்றம் அது.

இன்னொரு காகிதம், ஆணையம் 2010-ல் வெளியிட்ட இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் சிஸ்டம் வழிகாட்டுதல். பெயர் கடினமாக இருந்தாலும் விஷயம் எளிது. ஒரு சம்பவம் நடந்தால் அந்த இடத்தில் பொறுப்பு ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். அவருக்குக் கீழே களப்பணி, திட்டமிடல், பொருள் சேகரிப்பு என்று ஆளுக்கொரு வேலை, பெயரோடு முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். இது இல்லாத காலத்தில் என்ன நடக்கும் தெரியுமா? தீயணைப்புத் துறை ஒரு பக்கம், போலீஸ் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். ஒரு தெருவுக்கு மூன்று லாரி தண்ணீர் போகும், அடுத்த தெருவுக்கு ஒன்றும் போகாது. எல்லோரும் நன்றாகத்தான் உழைப்பார்கள். ஆனால் யாரிடம் கணக்கு இருக்கிறது என்று கேட்டால் ஒருவரிடமும் இருக்காது.

வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகிறது என்று வைத்துக்கொள்வோம். கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்கு 72 மணி நேரம் முன்னால் வானிலை மையத்திலிருந்து முதல் நிலைத் தகவல் வரும். 48 மணி நேரத்தில் உஷார்நிலை, 24 மணி நேரத்தில் எச்சரிக்கை, 12 மணி நேரத்தில் கரை கடந்த பிறகு உள்மாவட்டங்களில் என்ன நடக்கும் என்ற கணிப்பு. துறைமுகங்களில் கூண்டு ஏறும். இதற்குள் மீட்புப் படையின் குழுக்கள் அரக்கோணத்திலிருந்து கிளம்பி மாவட்டங்களில் வந்து இறங்கியிருக்கும். புயலுக்குப் பிறகு கிளம்பினால் சாலை இருக்காது. அதனால்தான் முன்கூட்டியே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஒரு கம்பெனியின் கோபுரம் விழுந்தால் அடுத்த கம்பெனியின் சிக்னலில் யாரும் பேசலாம் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போடும். சென்னை எழிலகத்தில் உள்ள மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்தில் வருவாய் நிர்வாக ஆணையரின் பொறுப்பில் இரவும் பகலும் ஆள் இருப்பார்கள். 1070 அங்கேதான் அடிக்கும். மாவட்டத்தில் 1077. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மூத்த ஐஏஎஸ் அதிகாரி கண்காணிப்பு அலுவலராக வந்து சேர்வார்.

கைபேசியில் திடீரென்று அலாரம் போல அலறிக்கொண்டு ஒரு எச்சரிக்கை வந்ததே, 2023-ல் சோதனை என்று போட்டு, நினைவிருக்கிறதா? ஆணையம் நேரடியாகக் கையில் எடுத்த வேலைகளில் அது ஒன்று. பல எச்சரிக்கை அமைப்புகளின் தகவலையும் ஒரே வடிவத்தில் வாங்கி, ஒரு குறிப்பிட்ட பகுதியில் உள்ள கைபேசிகளுக்கு மட்டும், அந்த ஊர் மொழியில் அனுப்பும் ஏற்பாடு. சசேத் என்று பெயர். வானிலை மையம் ஒன்று சொல்ல, நீர்த் துறை வேறொன்று சொல்ல, மக்கள் எதையும் நம்பாமல் போகும் நிலையை இது நிறையவே குறைக்கும்.

இப்போது அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த இடம் அதுதான்.

ஒவ்வொரு வருடமும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு பதிவேடு போடுவோம். தாழ்வான தெருக்கள் எவை, குடிசைகள் எத்தனை, எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேரைத் தங்கவைக்கலாம் என்பதெல்லாம் இருக்கும். எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் பின்பக்கங்கள். பிரசவத் தேதி நெருங்கிய பெண்கள் யார், எந்தத் தேதி. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் யார். தனியாக இருக்கும் முதியவர்கள் யார். மரம் அறுக்கும் மெஷின் யாரிடம் இருக்கிறது, ஜெனரேட்டர் யார் வீட்டில் இருக்கிறது, டிராக்டர் ஓட்டத் தெரிந்தவர் யார், நன்றாக நீச்சல் தெரிந்த பையன்கள் யார். எல்லோருடைய போன் நம்பரும். டெல்லியில் "பாதிக்கப்படக்கூடிய மக்கள்" என்று ஒரு வரியில் எழுதுவது, இங்கே ஒரு நோட்டில் பெயராகவும் வீட்டு எண்ணாகவும் மாறுகிறது.

2018 நவம்பர் 15, கஜா கரை கடப்பதற்கு முந்தைய நாள் மத்தியானம். கடலோரத்தில் குடிசை வீடு ஒன்றில் வயதான அம்மா ஒருவர். முகாமுக்கு வரவே மாட்டேன் என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். விஏஓ சொன்னார், கேட்கவில்லை. போலீஸ்காரர் சொன்னார், கேட்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் ஆத்தா, உங்களுக்கு உயிர் மேல ஆசையில்லையா?" என்றேன். "என் உசுரு கெடக்கட்டும் தம்பி. இந்த நாலு ஆட்டையும் எங்க கட்டுவ?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. பள்ளிக்கூட முகாமில் ஆடு மாடுக்கு இடம் ஒதுக்கவில்லை. கடைசியில் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி வீட்டுக்காரரிடம் கெஞ்சி, கார் நிறுத்தும் இடத்தில் ஆடுகளைக் கட்டினோம். அப்புறம்தான் அவர் எழுந்து வந்தார். மறுநாள் காலை அந்தக் குடிசை இருந்த இடத்தில் வெறும் மண் திட்டுதான் இருந்தது. அதற்கடுத்த வருடப் பதிவேட்டில் கால்நடைகளுக்கான இடம் என்று ஒரு பத்தி நாங்களே சேர்த்தோம். மேலே இருக்கும் வழிகாட்டுதலில் கால்நடைப் பாதுகாப்பு ஏற்கெனவே இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எங்கள் மேசை வரை அது வந்து சேரவில்லை.

கஜாவில் இன்னொன்றும் தெரிந்தது. தமிழ்நாட்டில் 80,000-க்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்து வந்திருந்தார்கள். உயிர்ச் சேதம் பெருமளவு குறைந்ததற்கு அதுதான் காரணம். ஆனால் காற்று போன பிறகு? தென்னை மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாலையில் கிடந்தன, மின் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. செல்போன் கோபுரங்கள் செயலிழந்ததால் அந்த நோட்டில் இருந்த நம்பர்கள் பல மணி நேரம் வெறும் எண்களாக நின்றன. மெஷின் வைத்திருந்தவர் வீட்டுக்கு ஆளை நடக்கவிட்டுத்தான் கூப்பிட்டோம். உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடு முதிர்ந்திருந்தது. பிழைப்பைக் காப்பாற்றும் ஏற்பாடு முதிரவில்லை. இருபது வருடம் வளர்த்த தென்னை போன விவசாயிக்கு, உயிர் தப்பியதைச் சொல்லி ஆறுதல் சொல்ல என்னால் முடியவில்லை.

ஒத்திகைகள் பற்றி ஒரு வார்த்தை. ஆணையம் மாநிலங்களோடு சேர்ந்து ஒத்திகை நடத்துகிறது. பலர் இதை வெறும் போட்டோ சடங்கு என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு முறை ஒரு பாதுகாப்பு மையத்தில் ஒத்திகைக்காக ஜெனரேட்டரை ஓடவிடச் சொன்னோம். ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. டீசல் வாங்கி வந்தால் பேட்டரி செத்துக் கிடந்தது. அன்று வெயில் அடித்துக்கொண்டிருந்ததால் சிரித்துக்கொண்டே சரிசெய்தோம். புயல் ராத்திரியில் அது தெரிந்திருந்தால் நானூறு பேர் இருட்டில் இருந்திருப்பார்கள்.

ஒருங்கிணைப்பு எங்கே அறுந்தது என்பதற்கு ஒக்கியைவிடக் கசப்பான பாடம் நம் பக்கத்தில் இல்லை. 2017 நவம்பர் 30. குறைந்த நேரத்தில் வலுப்பெற்ற புயல். கன்னியாகுமரி மாவட்ட மேற்குக் கடலோரக் கிராமங்களின் மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள். எச்சரிக்கை கரைக்கு வந்தது. கரையில் இருந்தவர்கள் கடலுக்குப் போகாமல் நின்றார்கள். ஏற்கெனவே நடுக்கடலில் இருந்தவர்களுக்கோ செல்போனும் எட்டாது, சாதாரண வயர்லெஸ்ஸும் எட்டாது. எல்லாத் துறையும் தன் விதிப்படி செய்தியை அனுப்பிவிட்டது, ஆனால் யாருக்கு அது உயிர்ச் செய்தியோ அவர்களிடம் போகவில்லை. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே செய்தி அனுப்பும் கருவிகள் வந்தன. இன்காய்ஸ் 2019-ல் ஜெமினி என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர்கள் படகுகளில் ஏறின. அத்தனை உயிர்கள் போன பிறகு வந்தது என்பதை மட்டும் மறக்க முடியவில்லை.

காகிதத்தில் மட்டும் அமைப்பு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உத்தராகண்ட். அங்கே மாநில ஆணையம் 2007-லேயே அமைக்கப்பட்டது. ஆனால் அது ஒரு கூட்டம்கூட நடத்தவில்லை, விதிகளும் வகுக்கவில்லை என்று 2013 ஏப்ரலில் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை சொன்னது. அதே வருடம் ஜூனில் கேதார்நாத் வெள்ளம் வந்தது. மாறாக ஒடிசா. 1999-ல் ஏறத்தாழ 10,000 பேரை இழந்த அந்த மாநிலம், கடலோரம் முழுக்கப் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டியது, ஊர் ஊராகத் தன்னார்வலர்களைப் பழக்கியது. 2013-ல் பைலின் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை நகர்த்தினார்கள். இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. இரண்டு மாநிலத்துக்கும் ஒரே தேசிய ஆணையம், ஒரே சட்டம், ஒரே வருடம்.

நிதி விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். சட்டம் இரண்டு வகை நிதியைச் சொல்கிறது: பேரிடர் வந்த பிறகு செலவழிக்கும் நிவாரண நிதி, வராமலிருக்க அல்லது பாதிப்பைக் குறைக்கச் செலவழிக்கும் தணிப்பு நிதி. முதல் வகை 2010-லேயே வந்துவிட்டது. இரண்டாவது, தேசிய அளவில், சட்டம் வந்து பதினைந்து வருடம் கழித்து 2021-ல்தான் அமைக்கப்பட்டது. நடுவில் 2016-ல் உச்ச நீதிமன்றம், வறட்சி வழக்கு ஒன்றில், மூன்று மாதத்துக்குள் அமையுங்கள் என்று சொல்லியும் அவ்வளவு தாமதம். 15-வது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை மாநிலங்களுக்கு ரூ.1,60,153 கோடி கணக்கிட்டு, அதில் 80 சதவீதம் நிவாரணத்துக்கு, 20 சதவீதம் தணிப்புக்கு என்று பிரித்தது. தேசிய அளவில் தனியாக ரூ.68,463 கோடி. மாநில நிதியில் மத்திய அரசின் பங்கு பொதுவாக 75 சதவீதம். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90 சதவீதம். தணிப்புக்கென்று தனிக் கணக்கு வந்ததே பெரிய முன்னேற்றம். அந்த 20 கூடிக்கொண்டே போக வேண்டும் என்பது என் ஆசை. வடிகாலுக்கும் அலையாத்திக் காட்டுக்கும் உறுதியான கூரைக்கும் போகிற பணம் அது.

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் "தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும்" என்ற கோரிக்கை எழுகிறது. சட்டத்திலும் நிதி விதிகளிலும் அப்படி ஓர் அறிவிப்புக்கு இடமே இல்லை. இருப்பது "கடுமையான இயற்கைச் சீற்றம்" என்ற வகைப்பாடு. மாநிலம் சேத விவர அறிக்கை கொடுக்கும். பல அமைச்சகங்களின் அதிகாரிகள் கொண்ட மத்தியக் குழு வந்து பார்க்கும். அந்த அறிக்கை செயற்குழுவின் துணைக் குழுவுக்குப் போய், கடைசியில் உள்துறை அமைச்சர் தலைமையிலான உயர்மட்டக் குழு தொகையை முடிவு செய்யும். இந்தப் பாதையில்தான் மாநிலங்களுக்கும் மத்திக்கும் மனக்கசப்பு வருகிறது. 2024-ல் கர்நாடகம் வறட்சிக்காகவும் தமிழ்நாடு வெள்ளத்துக்காகவும் உச்ச நீதிமன்றம் வரை போயின. பணம் வரும் தேதி தெரியாவிட்டால் கீழே திட்டம் போட முடியாது. கூரை போனவன் காத்திருக்க மாட்டான், கடன் வாங்கிவிடுவான்.

நகரங்கள் விட்டுப்போன கண்ணியாக இருந்தன. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது ஏரி ஒரு துறையிடம், மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம், சாலையோர வாய்க்கால் நெடுஞ்சாலைத் துறையிடம், கட்டட அனுமதி இன்னொரு அமைப்பிடம் என்று இருந்தது. தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. 2025-ல் வந்த சட்டத் திருத்தம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனி நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க மாநிலங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. தேசிய, மாநிலத் திட்டங்களைச் செயற்குழுக்களுக்குப் பதிலாக ஆணையங்களே தயாரிக்க வேண்டும், பேரிடர்த் தரவுத்தளம் வைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. மாநகராட்சி ஆணையர் கையில் உண்மையான அதிகாரமும் ஆளும் வந்தால் இது பலன் தரும்.

இவ்வளவுக்கும் பிறகு முதலில் வந்து நிற்பது பக்கத்து வீட்டுக்காரர்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. மீட்புப் படை போய்ச் சேர்வதற்கு முன்பே பக்கத்து ஊர்க்காரர்கள், தங்கள் ஊரும் வெள்ளத்தில் இருக்கும்போது, சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆணையம் நடத்தும் ஆபதா மித்ரா திட்டம் இந்த உண்மையை ஏற்றுக்கொண்ட திட்டம் என்பதால் எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்களுக்கு முதலுதவி, வெள்ள மீட்பு, தேடுதல் என்று பயிற்சி கொடுத்து, கையில் உபகரணப் பையும் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் ஊரில் இந்த ஒருங்கிணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள டெல்லிக்குப் போக வேண்டாம். சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர் மேலாண்மைத் திட்டம் இருக்க வேண்டும், வருடா வருடம் அதைத் திருத்த வேண்டும். பல மாவட்டங்கள் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன. அதைத் திறந்து உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். உங்கள் தெருவுக்கு எந்த முகாம், முதல் நிலைப் பொறுப்பாளர் யார் என்று பாருங்கள். அவர் நம்பருக்கு ஒரு தடவை போன் போட்டுப் பாருங்கள். நம்பர் பழசாக இருந்தாலோ, அந்த ஆள் வெளிநாடு போயிருந்தாலோ, விஏஓவிடம் போய்ச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் உட்காரவைத்துப் பேச அவருக்கு நேரம் இருக்கும். வீட்டில் ஆடு மாடு இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.